டி.ஓ. மருத்துவப் படிப்பும் மலையூர்க் கல்லூரிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் டி.ஓ. (டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்) பட்டம் பெற்றுக் குடும்ப மருத்துவராகப் பணியாற்றி வருகிறேன். நான் படித்த கல்லூரி, அப்பலாச்சிய மலைத்தொடரை ஒட்டிய ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் வாசலிலும் பொங்கல் விழாப் பந்தியிலும் பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, கீழே விடை தந்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

டி.ஓ. என்றால் கண் டாக்டரா, எலும்பு டாக்டரா?

இரண்டும் இல்லை. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் "எம்.பி.பி.எஸ்., டி.ஓ." என்று எழுதியிருந்தால் அவர் கண் மருத்துவத்தில் பட்டயம் பெற்றவர், அந்த டி.ஓ. வேறு. "ஆஸ்டியோ" என்ற கிரேக்கச் சொல்லுக்கு எலும்பு என்று பொருள் இருப்பதால் எலும்பு முறிவு மருத்துவருடன் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. என் சொந்த மாமாவே பல ஆண்டுகளாக என்னைப் புத்தூர்க் கட்டு வைத்தியரின் அமெரிக்கப் பதிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் முழு மருத்துவராவதற்கு எம்.டி., டி.ஓ. என்று இரண்டு பட்டங்கள் இருக்கின்றன. இரண்டில் எதைப் பெற்றவரும் 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், எந்தத் துறையிலும் நிபுணராகலாம். இங்கே எம்.டி. என்பதும் நம் ஊரில் போல மேற்படிப்பு அன்று, நம் எம்.பி.பி.எஸ். நிற்கும் இடத்தில்தான் அதுவும் டி.ஓ.வும் நிற்கின்றன. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

லண்டனில் இருக்கும் என் நாத்தனார், "ஆஸ்டியோபாத் டாக்டரே இல்லை" என்கிறாள். யார் சொல்வது சரி?

அவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்பவர் முதுகுவலி, கழுத்துவலி போன்றவற்றுக்குக் கைகளால் சிகிச்சை தருபவர். 1993-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அவர்களுக்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது. ஆனால் அவர்கள் மருத்துவர்கள் அல்லர். அமெரிக்காவில் மட்டும் அந்தப் பெயரில் தொடங்கிய கல்வி வளர்ந்து முழு மருத்துவக் கல்வியாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் சொல்லப்படுவதெல்லாம் அமெரிக்க டி.ஓ. பட்டத்தைப் பற்றி மட்டுமே.

இது எங்கிருந்து முளைத்தது? ஏன் தனியாக ஒரு மருத்துவக் கல்வி?

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1828-இல் வர்ஜீனியாவில் பிறந்த மருத்துவர். 1864-இல் மூளை உறைக் காய்ச்சலில் தம் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தார். பாதரசக் கலவைகளும் அபினும் சாராயமும் மருந்தாகப் புழங்கிய அந்தக் காலத்து வைத்தியத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை போயிற்று. உடலின் கட்டமைப்பைச் சீராக்கினால் உடலே தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும் என்ற கருத்தை 1874-இல் அறிவித்து, 1892-இல் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள். இந்தக் கல்வி ஒரு சிற்றூரில் பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பல விடைகளுக்கு இது தேவைப்படும்.

சட்ட அங்கீகாரம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. வெர்மாண்ட் 1896-இல் முதலில் உரிமம் வழங்கியது. கடைசி மாநிலமான மிசிசிப்பி முழு உரிமம் தந்தது 1973-இல். இடையில் நடந்தவற்றுள் எனக்கு மிகவும் வேடிக்கையாகத் தோன்றுவது கலிபோர்னியாவின் கதை. 1960-களின் தொடக்கத்தில் அங்கே டி.ஓ. மருத்துவர்கள் 65 டாலர் கட்டணம் செலுத்தினால் எம்.டி. பட்டம் பெற்றுக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படியே மாறிக்கொண்டார்கள். அவ்வளவு எளிதாக ஒன்றை மற்றொன்றாக்க முடிந்தது என்றால் இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1966-இல் இராணுவமும் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாக ஏற்றுக்கொண்டது.

அப்படியென்றால் எம்.டி. படிப்புக்கும் இதற்கும் என்னதான் வித்தியாசம்?

நான்கு ஆண்டுகள், உடற்கூறியல் முதல் மனநல மருத்துவம் வரை ஒரே பாடங்கள், ஒரே மருந்துகள். கூடுதலாக இருப்பது கைமுறைச் சிகிச்சைப் பயிற்சி. அதற்கு ஏறக்குறைய 200 மணி நேரம் செலவாகும். மூட்டுகளையும் தசைகளையும் விலா எலும்புகளையும் தொட்டு, எங்கே இறுக்கம், எங்கே சமச்சீர்க் குறைவு, எங்கே அசைவுத் தடை என்று கண்டறிந்து, பிறகு கையாலேயே அதைத் தளர்த்தக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

முதல் வாரங்களில் எங்களுக்குத் தரப்பட்ட பயிற்சி ஒன்று இன்றும் விரல் நுனியில் நிற்கிறது. ஒரு பழைய தொலைபேசிப் புத்தகத்தில் ஒரு தாளுக்கு அடியில் தலைமுடி ஒன்றை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அது எங்கே கிடக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் இன்னொரு தாள், பிறகு இன்னொன்று. முதல் நாள் இரண்டு தாளுக்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. அழுத்தினால் தெரியும் என்று நினைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். அழுத்தத்தைக் குறைத்தால்தான் தெரியும் என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று. அந்த விரல் பழக்கம், பின்னாளில் கைமுறைச் சிகிச்சையே செய்யாத மருத்துவருக்கும் நோயாளியின் வயிற்றில் கை வைக்கும்போது உதவுகிறது.

எம்.டி. சீட் கிடைக்காதவர்கள் போகிற இடம்தானே இது?

மழுப்பாமல் சொல்வதானால், ஓரளவுக்கு ஆம். அண்மை ஆண்டுகளில் எம்.டி. கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி எம்கேட் (மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண் 511, 512 என்ற அளவில் இருக்க, டி.ஓ. கல்லூரிகளில் அது 504 அளவில் இருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பித்து, எம்.டி. இடம் கிடைக்காமல் டி.ஓ.வில் சேர்ந்தவர்கள் என் வகுப்பிலும் இருந்தார்கள். அதைச் சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை. டி.ஓ.வுக்கு மட்டுமே விண்ணப்பித்தவர்களும் இருந்தார்கள். செவிலியராகவும் ஆம்புலன்ஸ் ஊழியராகவும் பத்தாண்டு வேலை பார்த்துவிட்டு முப்பது வயதுக்கு மேல் படிக்க வந்தவர்கள் அவர்களில் பலர்.

நுழைவில் இருக்கும் இந்த வேறுபாடு, படித்து முடித்தவரின் தகுதியில் எவ்வளவு எஞ்சுகிறது என்பது வேறு கேள்வி. 1996-இல் அமெரிக்கத் தரைப்படையின் தலைமை மருத்துவ அதிகாரியான ரொனால்ட் பிளாங்க் ஒரு டி.ஓ.; அதிபர் டிரம்பின் முதல் ஆட்சிக்காலத்தில் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஷான் கான்லியும், பைடனின் மருத்துவர் கெவின் ஓகானரும் டி.ஓ.க்கள். ஆனால் உறவினர்கள் நடுவில் "ஏன் எம்.டி. இல்லை?" என்ற கேள்வி சில ஆண்டுகள் துரத்தும், அதைத் தாங்கும் மனம் உங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா என்பதைவிட உங்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு சேர முடியுமா? நீட் மார்க் உதவுமா?

நீட் மதிப்பெண்ணுக்கு இங்கே வேலையே இல்லை. பொதுவாக நான்காண்டு இளங்கலைப் படிப்பை முடித்து, அதில் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை ஆய்வக வகுப்புகளோடு படித்து, எம்கேட் தேர்வு எழுதிய பிறகே விண்ணப்பிக்க முடியும். பள்ளி முடித்தவுடனேயே இளங்கலைக்கும் டி.ஓ.வுக்கும் சேர்த்து இடம் ஒதுக்கும் இணைப்புத் திட்டங்கள் சில கல்லூரிகளில் உண்டு. பென்சில்வேனியாவின் லேக் ஈரி கல்லூரியின் திட்டம் அவற்றுள் பலருக்கும் தெரிந்தது.

டி.ஓ. கல்லூரிகளுக்கு ஆகோமாஸ் என்ற பொது விண்ணப்பம் இருக்கிறது. அது மே மாதத்தில் திறக்கும். வரும் விண்ணப்பங்களை அவ்வப்போதே பார்த்து நேர்காணலுக்கு அழைப்பதால், ஜூனில் அனுப்பியவருக்கும் டிசம்பரில் அனுப்பியவருக்கும் வாய்ப்பு ஒன்றாக இருக்காது. ஒரு டி.ஓ. மருத்துவருடன் சில நாட்கள் இருந்து அவர் பணியைப் பார்த்து, அவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குவதைப் பல கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன.

என் தம்பி மகன் மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டான். அவன் இதில் சேர்ந்தால் காலம் மிச்சமா?

மிச்சமாகாது, முதல் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். அவர் ஏற்கெனவே மருத்துவர். யூ.எஸ்.எம்.எல்.இ. என்னும் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகளை எழுதி, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான சான்றிதழைப் பெற்று, நேராக ரெசிடென்சிக்கு (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் துறைப் பயிற்சிக்கு) விண்ணப்பிப்பதே அவருக்கு வழி.

எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை. பிள்ளைக்கு இடம் கிடைக்குமா?

குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ இல்லாதவர்களைச் சில டி.ஓ. கல்லூரிகள் மட்டுமே எடுக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கை விதியையும் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து தரப்படும் எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகள் 21 வயதில் அந்த விசாவை இழந்து மாணவர் விசாவுக்கு மாறும் நிலை வரும். மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் வயதும் ஏறக்குறைய அதுதான். மத்திய அரசின் கல்விக் கடனும் அவர்களுக்குக் கிடையாது. சில கல்லூரிகள் ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் காட்டச் சொல்லும்.

"ரீஜனல்" கல்லூரி என்றால் தரம் குறைந்ததா?

அந்தச் சொல் கல்லூரியின் நோக்கத்தைக் குறிக்கிறது. ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் மருத்துவர் பற்றாக்குறை இருக்கிறது. வெளியூரில் படித்தவர்களை அழைத்து வந்தால் ஓரிரு ஆண்டுகளில் போய்விடுகிறார்கள். ஆகவே அங்கேயே படிக்க வைத்து அங்கேயே பழக்கினால் சிலராவது தங்குவார்கள். இதுதான் கணக்கு. முதல் கல்லூரியே சிற்றூரில் பிறந்தது என்று மேலே சொன்னேன், டி.ஓ. கல்வியில் இந்தப் போக்கு தொடக்கம் முதலே இருக்கிறது.

மேற்கு வர்ஜீனியாவின் லூயிஸ்பர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை ஏறக்குறைய 4,000. அங்கே இயங்கிவந்த ஓர் இராணுவப் பள்ளி மூடப்பட்டபோது அதன் வளாகத்தில் 1970-களின் தொடக்கத்தில் டி.ஓ. கல்லூரி எழுந்தது, 1976-இல் மாநில அரசு அதை ஏற்றுக்கொண்டது. கென்டக்கியின் பைக்வில் இன்னொன்று. மலையையே வெட்டி, ஆற்றையும் ரயில் பாதையையும் நெடுஞ்சாலையையும் திருப்பிவிட்டு ஊருக்கு இடம் உண்டாக்கிக்கொண்ட நிலக்கரி நகரம் அது. அங்கே 1997-இல் கல்லூரி தொடங்கியது. ஓக்லஹோமாவின் டாலக்வாவில் செரோக்கி பழங்குடி அரசும் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020-இல் தொடங்கிய கல்லூரி, பழங்குடி நிலத்தில் அமைந்த முதல் மருத்துவக் கல்லூரி; அதன் முதல் வகுப்பு 2024-இல் பட்டம் பெற்றது.

தரத்தைப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். உரிமத் தேர்வில் முதல் முயற்சியில் எத்தனை பேர் தேர்ச்சி, எத்தனை பேருக்கு ரெசிடென்சி இடம் கிடைத்தது, எத்தனை பேர் நடுவில் நின்றார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள்.

நாங்கள் நியூ ஜெர்சி. வெளி மாநிலப் பிள்ளையை எடுப்பார்களா? "கிராமத்தில் வேலை பார்ப்பேன்" என்று சொன்னால் போதுமா?

எடுப்பார்கள்; உள்ளூர் மாணவர்கள் மட்டும் போதாததால் பல கல்லூரிகளில் வெளி மாநிலத்தவர் கணிசமாகவே இருக்கிறார்கள். ஆனால் உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை உண்டு. அரசுக் கல்லூரி என்றால் கட்டணத்திலும் வேறுபாடு உண்டு.

வாயால் சொன்னால் போதாது. நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் முப்பது ஆண்டுகளாக இதே வாக்கியத்தைக் கேட்டு வருகிறவர்கள். கோடையில் ஒரு மாதமாவது சிற்றூர் மருத்துவமனையிலோ இலவச மருத்துவ முகாமிலோ இருந்துவிட்டு வந்தவர் பேசுவதும், பேருக்குச் சொல்பவர் பேசுவதும் அவர்களுக்குத் தெரியும். உண்மையில் அந்த வாழ்க்கை வேண்டாம் என்றால் பொய் சொல்லிச் சேர வேண்டாம். நான்காண்டுகளைக் கழிக்கப்போவது அங்கேதான். அருகிலுள்ள இந்திய மளிகைக் கடை இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கலாம்.

நம் நிறத்தையும் பெயரையும் பார்த்து அந்த ஊர் நோயாளிகள் ஒதுக்க மாட்டார்களா?

நான் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே நடந்தது. அப்பலாச்சிய மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகளாக இந்திய மருத்துவர்கள் பணியாற்றி வருகிறார்கள். பற்றாக்குறைப் பகுதியில் பணியாற்றினால் விசாச் சலுகை உண்டு என்பதால் வந்து, பிறகு அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர்கள் பலர். "எங்கள் அப்பாவுக்கு இதயம் பார்த்தவரும் உங்கள் ஊர்தான்" என்று பேச்சைத் தொடங்கும் நோயாளிகளை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். ஒருமுறை ஒருவர் என்னைப் பார்க்க மறுத்தார், அதுவும் நடந்ததுதான்.

முதல் இரண்டு வருஷம் எப்படி இருக்கும்? இன்ஜினியரிங் மாதிரி கடைசி நேரத்தில் படித்துச் சமாளிக்கலாமா?

முடியாது. இளங்கலையில் ஒரு பருவம் முழுக்க நடத்திய பாடத்தை இங்கே மூன்று வாரத்தில் முடிப்பார்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு தேர்வு. அதற்கு நடுவில் கைமுறைச் சிகிச்சைக்குச் செய்முறைத் தேர்வு தனி. பள்ளியில் முதல் மாணவராக இருந்த பிள்ளை முதல் தேர்வில் வகுப்புச் சராசரிக்குக் கீழே வந்து நிற்பது வழக்கம், அந்த வாரம் வீட்டிலிருந்து "எவ்வளவு மார்க்?" என்று தொலைபேசியில் கேட்காமல் இருப்பது பெரிய உதவி.

என் பெண் கூச்ச சுபாவம் உள்ளவள். அந்த லேபில் ஒருவர் மேல் ஒருவர் கை வைத்துப் பழக வேண்டுமாமே?

ஆம். கைமுறைச் சிகிச்சை வகுப்பில் மாணவர்களே ஒருவருக்கொருவர் நோயாளியாகவும் மருத்துவராகவும் மாறி மாறிப் பயிற்சி செய்கிறார்கள். முதுகும் தோளும் முழங்காலும் தெரியும்படி அரைக்கால்சட்டையும் விளையாட்டு உள்ளாடையும் அணிந்து வரச் சொல்வார்கள். அதற்கு மேல் தளர்ந்த சட்டை போட்டுக்கொண்டு, தேவைப்படும் பகுதியை மட்டும் திறக்கலாம். பல கல்லூரிகள் இணையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள விடுகின்றன. சமயக் காரணங்களுக்காக உடை விதியைத் தளர்த்தியும் தருகின்றன. சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். செய்முறைத் தேர்வு அன்று கேட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. என் வகுப்பில் தலைமறைப்புடன் படித்த இரண்டு பெண்கள் தங்களுக்குள் இணையாகி, நான்கு பருவமும் சிக்கலின்றி முடித்தார்கள்.

மூன்றாம் வருஷம் ஊர் ஊராகப் போக வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, இந்தப் படிப்பில் சேர்வதற்கு முன் நன்றாக விசாரிக்க வேண்டிய பகுதியும் இதுதான். பெரிய நகரத்து எம்.டி. கல்லூரிக்குப் பொதுவாக ஒரு பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கும். வட்டார டி.ஓ. கல்லூரிகள் பலவற்றுக்கு அப்படி இல்லை. மூன்றாம் ஆண்டில் மாணவர்களைப் பிரித்து, மாநிலம் முழுவதும் இருக்கும் சமூக மருத்துவமனைகளுக்கும் தனி மருத்துவர்களிடத்துக்கும் அனுப்பிவிடுவார்கள். பொது மருத்துவம், அறுவை, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், குடும்ப மருத்துவம் என்று ஒவ்வொன்றிலும் நான்கு முதல் எட்டு வாரம். லூயிஸ்பர்க் கல்லூரி தன் மாநிலத்தையே பல பகுதிகளாகப் பிரித்து அதை ஒரு வளாகம் போல நடத்துகிறது.

இதில் இலாபமும் இருக்கிறது, இழப்பும் இருக்கிறது. சிறிய மருத்துவமனையில் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் ரெசிடெண்டுகள் இல்லாததால், அறுவை அரங்கில் மருத்துவருக்கு எதிரே நின்று முதல் உதவியாளராகக் கை கொடுப்பவர் நீங்களாகவே இருப்பீர்கள். அதே காரணத்தால், ரெசிடெண்டுகள் நாள்தோறும் எப்படி வார்டை நடத்துகிறார்கள் என்று பார்க்காமலேயே ஆண்டு முடிந்துவிடக்கூடும். எனக்கு ஒதுக்கப்பட்ட மருத்துவமனை, நான் போவதற்குச் சில வாரங்களுக்கு முன் மகப்பேறுப் பிரிவை மூடிவிட்டது. அந்தப் பயிற்சிக்காக ஆறு வாரம் தினமும் ஒன்றரை மணி நேரம் மலைப்பாதையில் கார் ஓட்டினேன். பனிக்காலம் வேறு. கார் இல்லாமல் இந்தப் படிப்பை முடிக்க முடியாது என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆனால் அங்கே கற்றது வேறெங்கும் கிடைத்திருக்காது. கரித்தூசியால் நுரையீரல் கெட்டுப்போன ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் நிமோனியாவுடன் வந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மேசைமேல் தலையணை வைத்துக் கவிழ்ந்திருந்தார். விலா எலும்புகளைத் தூக்கிவிடும் முறையை நாங்கள் மல்லாந்து படுத்த வகுப்புத் தோழர்கள்மேல்தான் பழகியிருந்தோம். என் மேற்பார்வை மருத்துவர், அவர் இருந்த நிலையிலேயே எதிரே அமர்ந்து, அவருடைய கைகளைத் தம் தோள்மேல் போட்டுக்கொண்டு, விரல்களை முதுகெலும்பின் இருபுறமும் வைத்து, அவர் மூச்சின் வேகத்துக்கு இசைந்து மெல்லச் சாய்த்துச் சாய்த்து எடுத்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் ஆக்சிஜனும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. முடித்ததும் அந்தப் பெரியவர் சொன்னது, "டாக்டர், இந்த ஆஸ்பத்திரியில் இன்றைக்குத்தான் ஒருவர் என்னைத் தொட்டிருக்கிறார்."

காம்லெக்ஸ், யூ.எஸ்.எம்.எல்.இ. இரண்டும் எழுத வேண்டுமா?

டி.ஓ. உரிமத்துக்குக் காம்லெக்ஸ் என்னும் தேர்வின் மூன்று நிலைகளும் கட்டாயம். எம்.டி.க்களுக்குரிய யூ.எஸ்.எம்.எல்.இ. கட்டாயம் அன்று. ஆனால் பல ரெசிடென்சி இயக்குநர்களுக்கு யூ.எஸ்.எம்.எல்.இ. மதிப்பெண்தான் பழக்கம் என்பதால் மாணவர்கள் பலர் இரண்டையும் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். 2022 முதல் இரண்டு தேர்வுகளின் முதல் நிலையும் மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுகிறது. ஆகவே எடை முழுவதும் இரண்டாம் நிலைக்குப் போய்விட்டது.

குடும்ப மருத்துவமோ மனநல மருத்துவமோ போதும் என்பவருக்குக் காம்லெக்ஸ் மட்டும் பெரும்பாலும் போதும். அறுவை சிகிச்சை, கதிரியக்கம், மயக்க மருந்தியல் என்று குறிவைப்பவர் யூ.எஸ்.எம்.எல்.இ. இரண்டாம் நிலையையும் எழுதுவது நல்லது என்பது என் கருத்து. இரண்டு வாரத்துக்குள் இரண்டு முழுநாள் தேர்வுகள் எழுதும் சோர்வையும் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டி.ஓ. படித்தால் ஜென்ரல் டாக்டராகத்தான் இருக்க முடியுமா? இதயம், தோல் என்று போக முடியாதா?

போகலாம். 2020 வரை டி.ஓ.க்களுக்கென்று தனி ரெசிடென்சி அமைப்பும் அதற்குத் தனி இட ஒதுக்கீட்டு முறையும் இருந்தன. அந்த ஆண்டு ஜூலைக்குள் எல்லாம் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டன. அண்மை ஆண்டுகளில் டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் 91 முதல் 93 விழுக்காட்டினருக்கு மார்ச் மாத மேட்ச்சில் (ரெசிடென்சி இட ஒதுக்கீட்டில்) இடம் கிடைத்திருக்கிறது; எம்.டி. மாணவர்களுக்கு அது 93-ஐ ஒட்டி இருக்கிறது. இதய மருத்துவத்துக்கு மூன்றாண்டு பொது மருத்துவமும் பிறகு மூன்றாண்டு சிறப்புப் பயிற்சியும் வேண்டும். அந்த வழியில் போன டி.ஓ.க்கள் ஏராளம்.

தோல் மருத்துவம், நரம்பியல் அறுவை, ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) ஆகியவை மட்டும் இன்றும் குறுகலான கதவுகள். பட்டத்தின் மேலுள்ள தயக்கம் ஒரு காரணம். மேலே சொன்ன மூன்றாம் ஆண்டு அமைப்பு இன்னொரு காரணம்: ஆய்வுக் கட்டுரை எழுத வாய்ப்பும் அந்தத் துறையின் பெயர்பெற்ற பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதமும் சிற்றூர் மருத்துவமனையில் எளிதில் கிடைக்காது. பிள்ளை இப்போதே தோல் மருத்துவர்தான் ஆக வேண்டும் என்று உறுதியாக இருந்தால், இந்த வகைக் கல்லூரியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்தக் கை வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்யுமா? மறைக்காமல் சொல்லுங்கள்.

சிலவற்றுக்கு ஓரளவு; சிலவற்றுக்கு இல்லை. முதுகுவலிக்குத்தான் ஆய்வுகள் அதிகம். 1999-இல் 155 நோயாளிகளை வைத்து வெளியான ஓர் ஆய்வில், கைமுறைச் சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஒரே அளவில் தேறினார்கள். ஆனால் முதல் பிரிவினருக்கு மாத்திரை குறைவாகவே தேவைப்பட்டது. 2021-இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வோ, போலிச் சிகிச்சையோடு ஒப்பிடும்போது கிடைத்த பயன் மிகச் சிறியது, நோயாளிக்குப் பெரிதாகத் தெரியாது என்றது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணிய அசைவைத் தொட்டு உணர்ந்து சீராக்குவது என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கான சான்றுகள் மிகப் பலவீனமானவை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, தேர்வுக்குப் படித்தேன், அவ்வளவுதான். டி.ஓ.க்களில் பெரும்பாலோர் படித்து முடித்தபின் கைமுறைச் சிகிச்சையை அரிதாகவே செய்கிறார்கள் என்பதும் உண்மை. நான் வாரத்தில் ஏழெட்டுப் பேருக்குச் செய்கிறேன். கழுத்துப் பிடிப்பும், பிள்ளை பெறப்போகும் பெண்களின் இடுப்புவலியுமே அதில் பாதி. வலி மாத்திரைகளால் சீரழிந்த ஒரு வட்டாரத்தில், மாத்திரை எழுதாமல் செய்வதற்கு ஏதோ ஒன்று கையில் இருப்பது சிறிய விஷயம் அன்று.

புதிதாகத் திறந்திருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சேரலாமா?

டி.ஓ. கல்லூரிகள் இப்போது 40-ஐத் தாண்டிவிட்டன. பெருக்கம் வேகமாக இருக்கிறது. முதல் வகுப்பு பட்டம் பெறும்வரை புதிய கல்லூரிக்கு முழு அங்கீகாரம் கிடைக்காது. நான் மேலே கேட்கச் சொன்ன மூன்று எண்களும் அவர்களிடம் இருக்காது. ஆகவே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மூன்றாம் ஆண்டுப் பயிற்சிக்கு எந்தெந்த மருத்துவமனைகளுடன் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை மாணவர்களுக்கு இடம்? பட்டியலை எடுத்து நீட்டினால் யோசிக்கலாம். "பேச்சுவார்த்தை நடக்கிறது" என்றால் வேறு இடம் பாருங்கள்.

மொத்தம் எவ்வளவு கடன் ஆகும்? அரசே எல்லாம் கொடுத்துவிடுமா?

முன்பு ஏறக்குறைய முழுச் செலவுக்கும் மத்திய அரசுக் கடன் கிடைத்தது. 2025-இல் இயற்றப்பட்ட சட்டம் அதை மாற்றிவிட்டது: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு. பல தனியார் டி.ஓ. கல்லூரிகளில் கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டுவதால், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மூன்றாம் ஆண்டின் பெட்ரோலுக்கும் தனியார் வங்கியை நாட வேண்டியிருக்கும். அரசு வட்டாரக் கல்லூரியில் உள்ளூர் மாணவராகச் சேர்வது இப்போது முன்பைவிடப் பெரிய இலாபம்.

தேசிய சுகாதாரச் சேவைப் படையின் உதவித்தொகையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு மனம் மாறினால் என்ன ஆகும்?

அந்த உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. கட்டணத்தை அரசு செலுத்தும். மாதந்தோறும் கைச்செலவுக்கும் தரும். பதிலாக, பணம் பெற்ற காலத்துக்கேற்ப இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் முதன்மைச் சிகிச்சை (குடும்ப மருத்துவம் போன்ற அடிப்படைச் சிகிச்சை) மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். முதன்மைச் சிகிச்சை என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்றாம் ஆண்டில் எலும்பு அறுவையைக் கண்டு மயங்கிவிட்டால் ஒப்பந்தம் மயங்காது.

மீறினால், வாங்கிய தொகையைப் போல மூன்று மடங்கை வட்டியுடன் ஓராண்டுக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். என் வகுப்பில் நால்வர் கையெழுத்திட்டார்கள். மூவர் தங்கள் ஆண்டுகளை முடித்தார்கள், அவர்களில் இருவர் இன்னமும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். நான்காமவர் மயக்க மருந்தியலுக்கு மாறி, ஓராண்டுக்குள் கட்ட முடியாமல் இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே 22 வயதில் எந்தத் துறை என்று தெரியாத பிள்ளையிடம் அந்தத் தாளை நீட்டாதீர்கள். படித்து முடித்தபின் பற்றாக்குறைப் பகுதியில் பணியாற்றுவோரின் கடனை அடைக்க அதே அமைப்பு வேறொரு திட்டம் வைத்திருக்கிறது, அதற்கு ரெசிடென்சி முடிந்தபின் விண்ணப்பித்தால் போதும்.